ஃபைல் வீட்டுப் பெண், சாக்கெட் வீட்டு மாப்பிள்ளை

தேவராஜ மொஹல்லா, மைசூர்
1996, ஆவணி மாதம்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் லிங்கப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வடிவின் கணவன் கந்தசாமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் வடிவும் மகள் வைஷாலியும் சுகம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் சுகம் என்று எழுதியிருக்கிறேன். மேலே படிக்கும்போது அந்த வார்த்தையை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹனூரில் நீங்களும் அக்காவும் மாடு கன்றுகளும் நலமாக இருக்க மாதேஸ்வர சாமி துணை இருக்கட்டும்.

இதை நான் நேரில் பேசத்தான் நினைத்தேன். உங்கள் ஊர் உரக்கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் “இருங்க, கையோட கூட்டிட்டு வர்றேன்” என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் கடையில் நடந்த வியாபாரத்தையெல்லாம் நான் எஸ்.டி.டி. பூத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ யூரியா வாங்கினார், யாரோ தன் மருமகனைத் திட்டினார், ஒரு ஆடு உள்ளே வந்து துரத்தப்பட்டது. நீங்கள் மட்டும் வரவில்லை. ஆகவே தபாலில் எழுதுகிறேன்.

வைஷாலியின் கல்யாணம் நின்றுவிட்டது. தாய்மாமன் முறைக்காக நீங்கள் எடுத்து வைத்திருக்கும் சீர்ப் புடவையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் கொடுத்துவிடுங்கள். என்ன காரணம் என்று கேட்பீர்கள். ஜாதகம் நன்றாகப் பொருந்தியது. பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. சீர் செனத்தியில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இன்னொரு புரோகிராமோடு எந்த முறையில் பேச வேண்டும் என்பதில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகவில்லை. இதை எழுதிவிட்டு நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். பையன் மதன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய தாயார் நஞ்சம்மா, நம் கொள்ளேகால் பக்கத்து மனுஷி, கணீரென்ற குரல். தகப்பனார் கரியப்பன், எங்கே உட்கார்ந்தாலும் உடனே கண்ணயர்ந்துவிடுகிற பாக்கியசாலி. கேசரிபாத் சாப்பிட்டார்கள், வீட்டைப் பார்த்தார்கள், நம் வைஷாலியும் கம்ப்யூட்டர் வேலைதான் என்று கேட்டு நஞ்சம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “ஒரே தொழிலுங்க, பேசிக்கறதுக்கு விஷயம் இருக்கும்” என்றார். அந்த வாய் முகூர்த்தம் பலித்தது. சின்னவர்கள் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து இரண்டு பேர் குரலும் கலகலவென்று கேட்டது. வடிவு என்னைப் பார்த்து, “ஒட்டிக்கிச்சுங்க” என்றாள். அப்புறம் குரல் இன்னும் உயர்ந்தது. அப்புறம் வைஷாலி சொன்னது கீழே எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது: “அப்போ அழகுன்னா என்னன்னே உங்களுக்குத் தெரியல.” நஞ்சம்மாவின் முகம் மாறியது. தன் மகனின் மூக்கைப் பற்றித்தான் பேச்சு என்று அவர் நினைத்துவிட்டார்.

இருவரும் இறங்கி வந்தார்கள். யாருடைய அழகைப் பற்றிப் பேச்சு என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்கு விளங்கிய அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடுகின்றனவாம். ஒவ்வொன்றும் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்குமாம். பக்கத்து அறைக்காரனிடமோ வேறு ஊர்க் கம்ப்யூட்டரிடமோ ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நேரே போய்ச் சொல்லக் கூடாது. நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அவரிடம் எந்த வார்த்தைகளில் கேட்பது என்பதுதான் தகராறு.

நம் பெண் சொன்னாள்: “நாலே வார்த்தைதாம்ப்பா. திற, படி, எழுது, மூடு. டிஸ்க்ல இருக்கற ஃபைலுக்கும் அதே நாலு வார்த்தை. பக்கத்துல ஓடற புரோகிராமுக்கும் அதே. அமெரிக்கால இருக்கற மிஷினுக்கும் அதேதான் இருக்கணும். பேரைச் சொல்லித் திறந்தா போதும், எல்லாமே ஃபைல். எதிர்ல யாரு, எங்க இருக்காங்க, நமக்கு எதுக்கு? எவ்ளோ அழகு பாருங்க.”

மதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “நீங்களே சொல்லுங்க மாமா. பீரோவத் திறக்கறதும் இன்னொருத்தர் வீட்டுக் கதவத் தட்டறதும் ஒண்ணுங்களா? பீரோ வேண்டாம்னு சொல்லாதுங்க. வீட்டுக்காரர் சொல்லலாம். ஊர்ல இல்லாம இருக்கலாம். பேசிட்டு இருக்கறப்பவே செத்துப்போகலாம். அதனால சாக்கெட்டுன்னு தனியா ஒண்ணு செய்யணும், அதுக்கு ஒரு விலாசம் கட்டணும், காதக் குடுத்து உக்காரணும், வர்றவங்கள வாங்கன்னு ஏத்துக்கணும். நாலு வார்த்த கூட ஆகும்தான். ஆனா அதுல பொய் இல்லைங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகலாம் என்றதும் கரியப்பன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எனக்கு இரண்டு பேச்சும் நியாயமாகப் பட்டது. “ரெண்டும் சரிதானே” என்றேன். பெண்ணும் பிள்ளையும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே மாதிரி புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு பார்வையில் இருந்த பொருத்தம் ஜாதகத்தில்கூட இல்லை.

இந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுப் பசவராஜ் தேங்காய் உடைக்க அரிவாள் கேட்டு வந்தார். வீட்டுக் கத்தா பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்ற ஏதோ ஒரு ஆபீசுக்கு அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்த மனிதர் அவர். எல்லாமே ஃபைல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அரிவாளை மறந்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “பேடம்மா, பேடா. ஃபைல் ஆதரெ முகீத்து. என் கத்தா ஃபைல் எந்த மேசைல தூங்குதோ அந்தச் சாமிக்கே தெரியாது. நீ அமெரிக்காவ ஃபைல் பண்ணுனா அமெரிக்காவும் சிகல்ல” என்றார். வேண்டாமம்மா, ஃபைலாகிவிட்டால் முடிந்தது, பிறகு அமெரிக்காகூடக் கைக்குக் கிடைக்காது என்று அர்த்தம். வைஷாலி, “அங்கிள், அது வேற ஃபைல், நீங்க சும்னிரி” என்று அவரைச் சும்மா இருக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் கேட்பதாக இல்லை. எல்லா ஃபைலும் ஒரே ஃபைல்தான் என்று அடித்துச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் நம் பெண்ணின் கட்சியும் அதுதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் அது எதிர்க்கட்சியாகிவிட்டது.

நஞ்சம்மா இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா, அக்கம்பக்கத்துக்கே தெரியுது. எங்கூட்ல எப்பவும் சாக்கெட்டுதானுங்க. எங்க மாமனார் இருந்த காலத்துலயும் இந்த ஃபைலு கீலு எல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல.” அவருடைய மாமனார் மாட்டு வியாபாரி. உங்கள் தங்கை சும்மா இருப்பாளா? புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, “எங்க பொறந்தூட்ல தலைமுறை தலைமுறையா ஃபைலுதானுங்க. எங்கண்ணன் லிங்கப்பனக் கேட்டுப் பாருங்க, ஃபைல் இல்லாம ஒரு காரியம் செய்ய மாட்டாரு” என்று சொல்லிவிட்டாள். உங்களைக் கேட்காமல் உங்களை இதில் இழுத்துவிட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்று அவர்கள் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொள்ளாமலே கிளம்பினார்கள். கரியப்பனைத்தான் இரண்டு முறை எழுப்ப வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வைஷாலி ஆபீஸ் போவாள், வருவாள், சுவரைப் பார்த்து உட்காருவாள். பையன் பிடிக்கவில்லையா என்று வடிவு கேட்டால், “பையன் நல்லாத்தாம்மா இருக்கார், இன்டர்ஃபேஸ்தான் சரியில்ல” என்பாள். அது என்ன, உடம்பில் எங்கே இருக்கிறது என்று வடிவு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். இன்டர்ஃபேஸ் என்றால் ஒரு வேலையைச் சொல்லிக் கேட்கிற முறை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “அப்ப அது மரியாதை விஷயம்” என்று வடிவு முடிவு கட்டிவிட்டாள். நான் ஒரு சமரசம் சொல்லிப் பார்த்தேன்: கல்யாணத்துக்குப் பிறகு நம் வீட்டுக்கு வந்தால் ஃபைல், அவர்கள் வீட்டுக்குப் போனால் சாக்கெட். வைஷாலி பரிதாபமாகச் சிரித்து, “நடுவுல வர்ற ஒயர்ல என்னப்பா பண்றது?” என்று கேட்டாள்.

கடைசியில் பொது இடமாக இருக்கட்டும் என்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலில் சந்திக்க ஏற்பாடு செய்தேன். அவர்கள் பெங்களூரிலிருந்து பஸ்ஸில், நாங்கள் இங்கிருந்து பஸ்ஸில். தாயார்கள் இருவரும் ரங்கநாதரை மட்டும் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ரங்கநாதர் படுத்திருப்பதைப் பார்த்த கரியப்பனும் மண்டபத்தில் ஒரு தூணோரம் சாய்ந்துவிட்டார். சாமி சந்நிதியில் பேச்சு நல்லபடி இருக்கும் என்று நினைத்தேன். வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். மதன் கையைக் கூப்பாத குறையாக, “நான் லிஸன் பண்றேன், நீங்க கனெக்ட் பண்றீங்க, நான் அக்செப்ட் பண்றேன். இதுல என்ன தப்பு?” என்றான். முன்னால் நின்ற சேலத்து அம்மாள் ஒருவர் உருகிப்போய்த் திரும்பினார். “ஒத்துக்கம்மா, பையன் இவ்வளவு தணிஞ்சு கேக்கறானே” என்றார். வைஷாலி, “அக்செப்டே தனியா தேவையில்லைங்கறேன் நான்” என்றாள். “அப்ப அவனை விட்டுடு, பாவம்” என்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் துளசி வாங்கப் போனார். அவருடன் டூரிஸ்ட் பஸ்ஸில் வந்தவர்கள் மொத்தப் பேரும் மதனை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வாயால் பேசிப் பயனில்லை, செய்து காட்டிவிடலாம் என்று அப்போதுதான் முடிவாயிற்று. வைஷாலியின் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் அவளுடைய ஆபீசுக்குப் போனோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் ஏ.சி. குளிர். வடிவு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். நடையின் இந்தக் கோடியில் ஒரு அறை, அந்தக் கோடியில் ஒரு அறை. இரண்டிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர், நடுவில் கறுப்பு ஒயர். இந்த அறையில் வைஷாலி அவள் முறைப்படி எழுதிய புரோகிராம், அந்த அறையில் மதன் அவன் முறைப்படி எழுதியது. இங்கே தட்டினால் அங்கே தெரிய வேண்டும், அங்கே தட்டினால் இங்கே. எந்தப் பக்கம் தடுமாறுகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. நாங்கள் பெண்ணோடு இங்கே உட்கார்ந்தோம், நஞ்சம்மாவும் கரியப்பனும் பையனோடு அங்கே.

என்ன தட்டுவது என்பதை யாரும் யோசிக்கவில்லை. சின்னவர்கள்தான் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்களே. அந்தப் பக்கம் நஞ்சம்மா சொல்லச் சொல்ல மதன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட, எங்கள் திரையில் பச்சை எழுத்தில் முதல் வரி வந்தது. வந்து சேந்தீங்களா என்று கேட்டிருந்தார். வடிவு கண்ணை அகல விரித்துப் பார்த்துவிட்டு, “சேந்துட்டோம், நீங்க காப்பி குடிச்சீங்களான்னு போடு” என்றாள். காப்பியிலிருந்து முட்டி வலி, முட்டி வலியிலிருந்து நஞ்சன்கூட்டு வைத்தியர், வைத்தியரிலிருந்து புருஷன்மார்களின் குறட்டை. முகத்துக்கு முகம் பார்க்க மாட்டாத இரண்டு பேர் அந்த ஒயரில் உட்கார்ந்து உறவு கொண்டாடினார்கள். பேச்சு மெல்ல விஷயத்துக்கு வந்தது. என் பையன் கோபம் வந்தால் சாப்பிட மாட்டான், கண்டுக்காம விட்டால் தானே வந்து தட்டைப் போடுவான் என்று அங்கிருந்து வந்தது. அதை மதனே தட்டியிருக்க வேண்டும். வடிவு, “எங்க பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா, அவளுக்கு அவரைப் பிடிச்சிருக்குன்னு போடு” என்றாள். வைஷாலி, “அம்மா, நான் எப்படிம்மா இதைத் தட்டறது?” என்றாள். “நீ தட்டாம யாரு தட்டறது, எனக்குத் தெரியுமா அது?” என்றாள் வடிவு. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையும் தட்டினாள் என் மகள்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. திரை சும்மாவே இருந்தது. வைஷாலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “பாத்தீங்களா, சாக்கெட் நின்னுபோச்சு” என்று ஓடினாள், நாங்களும் பின்னால் ஓடினோம். அங்கே மதன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஏன் அனுப்பல?”

“அம்மா சொல்றதை அனுப்ப முடியாதுங்க.”

“சாக்கெட்ல முடியாதுன்னு ஒத்துக்கோங்க.”

“எதுலயும் முடியாது.”

நஞ்சம்மா குரலை உயர்த்தி, “உன் போட்டோவத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுத்தான் தூங்கறான், அதப் போடுடான்னா மாட்டேங்கறான்மா” என்றார்.

மைத்துனர் அவர்களே, அந்த நிமிஷத்தோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டும். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வைஷாலி முகம் சிவந்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தாள். அதில் மதன் எழுதிய புரோகிராம் இருந்தது. அவள் முகத்தின் சிவப்பு வேறு சிவப்பாக மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன். “ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம் என்ன போட்டிருக்கீங்க? படி, எழுது, மூடு. அது என்னோட ஃபைல் வார்த்தை. முன்னாடி மட்டும் சாக்கெட்டுன்னு பெருசா பேசிட்டு, உள்ளே வந்ததும் என் வார்த்தையிலதான் வேலை பண்றீங்க.” மதனும் எழுந்துவிட்டான். விடுவிடுவென்று எங்கள் அறைக்குப் போய் அவள் புரோகிராமை உருட்டிப் பார்த்தான். “நீங்க மட்டும் என்னங்க? திற, திறன்னு சொல்றீங்களே, அந்தத் திறவுக்குள்ள எட்டிப் பாத்தா சாக்கெட்டுதானே உக்காந்திருக்கு. மேல ஃபைல்னு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கீங்க.” அவரவர் சரக்கை மற்றவர் வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போல இரண்டு பேரும் குதித்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னாள், வேண்டவே வேண்டாம் என்று அவன் சொன்னான். தாயார்கள் இருவரும் ஆபீஸ் வாசலில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கரியப்பன் அந்த அறையிலேயே தூங்கிக்கொண்டிருந்ததால் மதன் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு அவருக்காகத் திரும்பி வர வேண்டியிருந்தது.

ஆகையால் நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். வந்து வைஷாலிக்குப் புத்தி சொல்லலாமே என்று தோன்றும். சொல்லாதீர்கள், நீங்கள் எந்தக் கட்சி என்று உங்களிடமும் கேட்பாள். அவளுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லித் தரகர் கந்தையாவிடம் சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்காத குடும்பமாக இருக்க வேண்டும் என்று முதல் நிபந்தனையாகச் சொல்லிவிட்டேன். ஹனூர்ப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கிற பையன்கள் யாராவது இருந்தால் எழுதவும். அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்து, இந்தப் படிப்பை மட்டும் விட்டுவிட்டு, நீடூழி வாழட்டும். மழையும் ராகியும் உங்களைக் கைவிடாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
கந்தசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றில் விலாசத்தைத் தவிர எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மதன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். வைஷாலியின் புரோகிராமை அச்செடுத்து வைத்துக்கொண்டு பெங்களூரில் திரும்பத் திரும்பப் படித்தானாம், அதில் ஒரு வரிகூட அனாவசியமாக இல்லையாம், தான் வாழ்க்கையில் இதுவரை எழுதியதெல்லாம் வெறும் சத்தமாம், இனிமேல் அவனுக்கு ஃபைல்தானாம். நான் கையெடுத்துக் கும்பிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவளும் அவனுடைய புரோகிராமைப் பிரதி எடுத்துப் படித்திருக்கிறாள். எதிரில் இருப்பவர் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, பாதியில் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் அவன் இடம் வைத்திருக்கிற நேர்மையைப் பார்த்து அழுதுவிட்டாளாம். இனிமேல் அவளுக்குச் சாக்கெட்தானாம். பிறகு அவன் ஃபைலுக்காகவும் அவள் சாக்கெட்டுக்காகவும் ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று நடுவில் புகுந்து கேட்டேன். “இந்தச் சண்டைய வேற யாரோட போட முடியும், மாமா?” என்றான் மதன். அவள் தலையை ஆட்டினாள். பெங்களூருக்குப் போன் போட்டுச் சொன்னதும் நஞ்சம்மா, எங்கள் வீட்டில் இப்போது எந்தக் கட்சி என்று மட்டும் கேட்டுவிட்டு, ஐப்பசியில் முதல் முகூர்த்தத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டார். தாய்மாமன் இல்லாமல் தாலி ஏறாது, அக்காவோடு முன்னதாகவே வந்துவிடுங்கள். இதை எழுதும்போதும் மாடியில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தங்கை அடுப்பில் பாயசத்தைக் கிளறிக்கொண்டு, “முகூர்த்தத்த இன்னும் முன்னாடி வெச்சுக்கலாங்க, அதுக்குள்ள சமாதானமாயிட்டாங்கன்னா வம்பு” என்கிறாள்.